மாதா கோயிலில் நடை பழகியவன்

மழையில் நனைந்த ரப்பர் மலையில் வழுக்கி விழும்போது ரப்பர் பால் வாளியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. இடுப்பில் மட்டும் காய்ந்த குச்சி முறிவதுபோல ஒரு சத்தம். வாளியை விட்டிருக்கலாம் என்பது ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், தள்ளுவண்டியில் கிடந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

தொடை எலும்பின் கழுத்து (இடுப்போடு சேரும் மெல்லிய பகுதி) உடைந்திருந்தது. அறுத்து உலோகப் பந்து வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சிங்களத்தில், "ஹெமின், ஹெமின்" (மெதுவாக, மெதுவாக) என்றார். தினமும் சமதரையில் நடக்கவும் சொன்னார்.

தெஹியோவிட்டப் பக்கத்து எங்கள் தோட்டத்தில் சமதரைக்கு எங்கே போவது? லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசலைத் தாண்டினால் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். கக்கூஸ் படிகளுக்குக் கீழே. ஆகவே மனைவி பார்வதி சட்டி ஏந்தினாள். வலியைத் தாங்கினேன், இதைத் தாங்க முடியவில்லை. ஓயாமல் கேலி பேசும் என் வாய் அந்த நேரத்தில் மட்டும் மூடிக்கொள்ளும். தனியாகக் கக்கூஸ் போகவேண்டும். வாழ்க்கையில் வேறு இலட்சியமே இல்லாமல் போனது.

அப்போதுதான் சிஸ்டர் ரெஜினா வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர்களை லயம் லயமாகப் போய்ப் பார்க்கும் கன்னியாஸ்திரி. நர்ஸ் படிப்பும் படித்தவர். தையலைப் பார்த்தார், கண்ணை மூடி ஜெபித்தார், கண்ணைத் திறந்த கையோடு, "நாளைக்கு மாதா கோயிலுக்கு வாங்க. தோட்டத்துலயே சமதரை அங்கதான் இருக்கு" என்றார்.

"நான் முருகன் கட்சிங்க, சிஸ்டர்."

"ஒங்க காலு எந்தக் கட்சின்னு மொதல்ல பாப்போம்."

"அவரு வாய்க்கும் ஒரு வாக்கர் இருந்தாக் குடுங்க, சிஸ்டர்" என்றாள் பார்வதி.

லயத்து ஆட்கள் என்னை நாற்காலியோடு தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். வாக்கரைப் (பிடித்து நடக்கும் நான்கு கால் சட்டம்) பிடித்தபடி, பெஞ்சுகளுக்கு நடுவே மாதா சிலை வரை போய்த் திரும்புவேன். எனக்கு இப்போது ஆறு கால். அதில் ஐந்து நல்லவை. பிறகு சிஸ்டர் பீடத்துப் படிகளில் பழக்கினார். உங்களுக்கும் இதே நிலை வந்தால் மறக்காதீர்கள்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நொந்த கால் முதலில்.

நான் ஞானஸ்நானம் வாங்கிவிட்டதாக லயத்தில் பேச்சு. மாரியம்மன் கோயில் பூசாரி மாமா ஜன்னலில் எட்டிப் பார்த்தார். சிஸ்டர் விடுவாரா?

"ஐயா, வெளிய நின்னு என்ன பாக்குறீங்க? வந்து இந்தப் பக்கம் பிடிங்க!"

நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்து என் கையைப் பிடித்தவர், "ஆத்தாகிட்ட நான் என்னடா சொல்றது?" என்று முணுமுணுத்தார்.

"திருவிழாவுக்கு நானே நடந்து வந்து சொல்லிக்கிறேன், மாமா."

"மொதல்ல அடுத்த படியில ஏறு!"

ஒரு நாள் காலையில், கைத்தடியோடு லயத்துப் படிகளில் இறங்கினேன். பார்வதி, சிஸ்டர், மாமா மூன்று பேரும் பின்னாலேயே வந்தார்கள். குந்தக் கூடாது என்பதால் சிஸ்டர் நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்றைக் கக்கூஸில் போட்டுவைத்திருந்தார். உள்ளே போய் நானே தாழ்ப்பாள் போட்டேன். அந்தச் சத்தத்தைப் போல இனிமையான மணியோசையை எந்தக் கோயிலிலும் கேட்டதில்லை.

வெளியே "ஆண்டவரே, நன்றி" என்றார் சிஸ்டர். "ஆத்தா, தாயே" என்றார் மாமா.

"ரெண்டு சாமிக்கும் கும்புடு! எல்லாரும் போங்க, கூட்டம் இருந்தா எனக்கு வராது!"

பார்வதியின் சிரிப்பு படியேறிப் போனது.

மரத்துக்கு மரம் ஓடிய காலத்தில், உடம்பு என்று ஒன்று என்னோடு வருவதையே நான் கவனித்ததில்லை. இப்போது ஒவ்வொரு படியிலும் அதைக் கேட்டுக்கொண்டுதான் காலை வைக்கிறேன். அன்று வேலை முடிந்த பிறகும் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். தகரக் கூரையில் மழை விழத் தொடங்கியது. எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.