அரைசென்டியும் தங்கை வீட்டு அத்திமரமும்

நகராட்சி மரப்பிரிவில் அவருக்கு வைத்திருந்த பெயர் அரைசென்டி. ஆய்வாளராகச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒரு பள்ளி ஆசிரியர் கொடுத்த மனுவை, மரத்தின் சுற்றளவு அரை சென்டிமீட்டர் கூடுதல் என்று திருப்பி அனுப்பினார். அன்று ஒட்டிய பெயர் இருபத்தாறு வருஷமாகியும் உதிரவில்லை.

விதி சின்னது. சொந்த மனையில் நிற்கும் மரமே ஆனாலும், தரையிலிருந்து நூற்றுமுப்பது சென்டிமீட்டர் உயரத்தில் அதன் சுற்றளவு அறுபதோ அதற்கு மேலோ இருந்தால் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. அனுமதி வேண்டுமானால் மரம் பட்டுப்போயிருக்க வேண்டும், நோய் பிடித்திருக்க வேண்டும், இல்லை விழுந்துவிடும் என்று ஆய்வாளர் எழுத வேண்டும். வேர் சாக்கடைக் குழாயை உடைத்துவிட்டதே என்றால், குழாயை மாற்றிக்கொள்ளலாம். அறுபதுக்குக் கீழே என்றால் பேச்சே இல்லை. அளவுக் கடிதம் ஒன்று வந்ததும் வெட்டிக்கொள்ளலாம்.

இந்த விதியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிற மனிதரை யாருக்குப் பிடிக்கும்? குடிக்கத் தண்ணீர் கேட்டால் தோட்டக் குழாயைக் காட்டினார்கள். நாயை அவிழ்த்துவிட்டு, கட்டியிருப்பதாக நினைத்தோம் என்றார்கள். அவரும் சளைத்தவர் அல்ல. மரத்தை வெட்டக் கேட்கிறவர்களில் பாதிப்பேர் பொய் சொல்கிறார்கள், மீதிப்பேர் சொல்லத் தெரியாமல் சொல்கிறார்கள் என்பது அவர் முடிவு. நாலாயிரத்துச் சொச்சம் மரங்களை அளந்திருந்தார். ஒரு அளவுகூடத் தப்பென்று திரும்பி வந்ததில்லை. மனிதர்கள் தரும் நல்ல பெயருக்குப் பதிலாக அதை வைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு உடன்பிறந்தவள் ஒரே தங்கை. தங்கையின் கணவர் லேத் பட்டறை வைத்திருந்தார். அவர்கள் வீட்டுப் பின்பக்கம், குளியலறைச் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி ஒரு அத்திமரம். அதன் வேர் குழாய்க்குள் புகுந்து அடைத்து, மாதத்துக்கு இரண்டு முறையாவது கழிவுநீர் குளியலறைத் தரையில் ஏறி நிற்கும். குழாயை மூன்று முறை மாற்றிப் பார்த்துவிட்டார்கள். வேர் மூன்று முறையும் வழி கண்டுபிடித்தது.

முதல் தடவை அவர்கள் மனு கொடுத்தபோது, உறவினர் வீட்டு மனுவைத் தான் பார்க்கக்கூடாது என்று இன்னொரு ஆய்வாளரிடம் தள்ளிவிட்டார். அதோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. யாரும் கேட்காமலே, 'மேற்படி மரம் நல்ல நிலையில் உள்ளது, நானே பலமுறை பார்த்திருக்கிறேன்' என்று ஒரு குறிப்பும் எழுதி இணைத்தார். மனு தள்ளுபடி ஆனது. குறிப்பைப் பற்றித் தங்கைக்குத் தெரிந்த நாளோடு பேச்சு நின்றது.

இரண்டாவது மனு வந்த சமயம் அந்த இன்னொரு ஆய்வாளர் கால் முறிந்து விடுப்பில் இருந்தார். இது என் தங்கை வீடு என்று இவர் மேலதிகாரிக்கு எழுதினார். அளவு மட்டும் எடுக்கவும் என்று ஓரத்தில் எழுதித் தாள் திரும்பி வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு அந்த வீட்டுக்குப் போனார்.

மாப்பிள்ளை பட்டறைக்குப் போகாமல் காத்திருந்தார். "வாங்க மச்சான். வழி ஞாபகம் இருக்கே" என்றார். தங்கை குளியலறை ஜன்னலில் தெரிந்தாள். அண்ணனைப் பார்த்ததும் ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அந்தச் சத்தம் அவருக்குக் கேட்கவேண்டும் என்றே போட்டது போல இருந்தது. அவர் மரத்தைச் சுற்றி டேப்பைப் போட்டார். "நல்லா இறுக்கிப் பிடிங்க. போன தடவைக்கு இடுப்பு சிறுத்திருக்கான்னு பாத்துடுவோம்" என்று மாப்பிள்ளை பின்னாலேயே நின்றார். இவர் மரத்தையும் பார்க்கவில்லை, மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. எண்ணை மட்டும் பார்த்து எழுதிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

எழுதிய எண் ஐம்பத்தெட்டு.

டேப் புதியது, முந்தின வாரம்தான் அலுவலகத்தில் கொடுத்திருந்தார்கள். ஒரு பக்கம் வழக்கமான சென்டிமீட்டர். மறுபக்கம் மரத்தைச் சுற்றிப் பிடித்தால் அதன் விட்டத்தை, அதாவது குறுக்களவை, நேராகக் காட்டும். அவர் படித்தது மறுபக்கத்தை. அறுபதுக்குக் கீழே என்றதும் எழுத்தர் மறுநாளே கடிதத்தை அனுப்பிவிட்டார்: அனுமதி தேவையில்லை.

வியாழக்கிழமை மாலை, ஒரு மருத்துவமனை வளாகத்தில், கட்டிப்பிடித்தால் இரண்டு கையும் எட்டாத ஒரு மரத்துக்கு டேப் நாற்பத்தொன்பது என்றது. அவர் டேப்பைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அங்கேயே ஒரு நடைபாதைக் கல்லில் உட்கார்ந்து, ஐம்பத்தெட்டை மூன்று சொச்சம் என்று தோராயமாகப் போடாமல், முறையாகவே பெருக்கினார். சுற்றளவு நூற்று எண்பத்திரண்டு.

மாப்பிள்ளை நாள் முழுக்க விட்டத்தோடு பிழைப்பு நடத்துகிறவர். ஐம்பத்தெட்டு எங்கிருந்து வந்தது என்று கடிதத்தைப் பிரித்ததுமே அவருக்குப் புரிந்திருக்கும். வாயைத் திறக்காமல் வெள்ளிக்கிழமை காலைக்கு மரவெட்டியைப் பேசிவிட்டார்.

அத்திமரம் விழுந்தால், இத்தனை வருஷத்தில் தப்பான அளவால் விழுந்த ஒரே மரம் ஆய்வாளரின் தங்கை வீட்டு மரமாக இருக்கும். அதைக் கண் பிசகு என்று எவன் நம்புவான்? ஆய்வாளர் தன் அளவைத் தானே திரும்பப் பெறலாம் என்று விதியில் இருந்தது. அதற்கான தாளை வீட்டாரிடம் கொடுக்க வேண்டும், வாங்க மறுத்தால் வாசல் கதவில் ஒட்ட வேண்டும். எதுவானாலும் அடிமரத்தில் ரம்பம் படுவதற்கு முன்னால். அவர் தாளை எழுதிக்கொண்டு, பசைக் குப்பியையும் பையில் போட்டுக்கொண்டார்.

காலை ஏழு இருபதுக்குப் போய்ச் சேர்ந்தபோது கிளைகள் எல்லாம் தரையில் கிடந்தன. மரவெட்டி அடிமரத்துக்குப் பக்கத்தில் குந்தி, ரம்பத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை தாளைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். உங்க கையெழுத்துப் போட்ட கடிதம் உள்ளே பத்திரமா இருக்கு, இன்னொண்ணு எதுக்கு என்றார்.

தங்கை வாளியோடு வெளியே வந்தாள். அன்றும் தண்ணீர் ஏறியிருந்தது. முழங்கை வரை நனைந்திருந்தாள்.

"அண்ணா" என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயால் அவர் கேட்டுப் பல வருஷமாகியிருந்தது. "உன் ஆயுசுக்கும் ஒரே ஒரு தப்புப் பண்ணியிருக்க. அதுதான் நீ எனக்குப் பண்ணின ஒரே நல்லது. அதையாவது விட்டுட்டுப் போயேன்."

அவர் தாளை அவள் பக்கம் நீட்டினார். வேறெதுவும் அவருக்குச் செய்யத் தெரியவில்லை. அவள் அதை வாங்காமல் வாளியை அவர் காலடிக்கு நேராகக் கவிழ்த்தாள். அவர் நனைந்த செருப்போடு வாசலுக்கு நடந்து, நான்கு மூலையிலும் பசை தடவித் தாளைக் கதவில் ஒட்டினார். மரவெட்டி எழுந்து வந்து, ஒவ்வொரு வரிக்கும் விரலை வைத்துப் படித்தார். படித்து முடித்து ரம்பத்தை உறையில் போட்டார். "என் லைசென்ஸ் போயிடும்ங்க. எனக்கு இந்த ஒரு வீடுதானா?"

மாப்பிள்ளை மொட்டை மரத்தைக் காட்டினார். "இப்ப நிழலும் இல்ல, குழாயும் இல்ல. குளுந்துச்சா மச்சான்?"

கொடுத்த கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டார் என்று மாப்பிள்ளை அலுவலகத்துக்குப் புகார் எழுதினார். கோப்பைப் பிரித்த அலுவலகம் புகாரை விட்டுவிட்டு இவரைப் பிடித்தது. குற்றச்சாட்டு இரண்டு: கவனக்குறைவு ஒன்று, உறவினருக்குச் சாதகமாக அளவைக் குறைத்துக்காட்டி, அகப்பட்டுக்கொள்வோம் என்று பயந்து திரும்பப் பெற்றது மற்றொன்று. முதலாவதுக்குக் கண்டிப்புக் கடிதம் வரும். இரண்டாவது வேலையைத் தின்றுவிடும். மேலதிகாரிக்குத் தான் ஓரத்தில் எழுதியது நினைவில்லை. அந்தத் தாளும் கோப்பில் இல்லை. பிரிவில் ஒருவரும் இவருக்காக வாயைத் திறக்கவில்லை. தங்கச்சி வீட்டுக்குன்னா மரமும் சுருங்கும் போல என்று படிக்கட்டில் அவர் காதுபடவே சொன்னார்கள்.

நாற்பத்தோராம் நாள் விசாரணை. புகார் தரப்பில் தங்கையை அழைத்திருந்தார்கள். உங்க அண்ணன் உங்களுக்கு உதவி பண்ண நினைச்சுத்தான் அளவைக் குறைச்சாரா என்று விசாரணை அதிகாரி கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அண்ணன் தொலைந்தார். அது அவளுக்கும் தெரிந்திருந்தது. பழி தீர்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவளுக்கு வரப்போவதில்லை.

"உதவியா?" என்றாள். "சார், அந்த ஆளுக்கு எங்க மேல அத்தனை பாசம் இருந்திருந்தா, நான் பத்து வருஷமா ஏன் சாக்கடைத் தண்ணியில நின்னு குளிக்கிறேன்? என் கல்யாணத்துல பந்தல் கம்பு கோணலா இருக்குன்னு அளந்துக்கிட்டு நின்ன மனுஷன் சார். இவர் தப்பா அளந்திருந்தா, அது எங்க மூஞ்சியப் பாக்கப் பிடிக்காம எங்கேயோ பாத்துக்கிட்டு அளந்ததாத்தான் இருக்கும்."

தட்டச்சர் அதை அப்படியே அடித்து முடித்தார். மாப்பிள்ளை மனைவியை முறைத்தார். சாட்சியிடம் கேட்க ஏதாவது உண்டா என்று விசாரணை அதிகாரி இவர் பக்கம் திரும்பினார்.

இவர் எழுந்து நின்றார். "கேக்க ஒண்ணும் இல்லைங்க. அவங்க சொன்னது சரி. பத்து வருஷம்ங்கறது மட்டும் ஒன்பது வருஷம் நாலு மாசம்னு இருக்கணும்."

தங்கை அன்றைக்கு முதல் தடவையாக அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அதிகாரியிடம், "பாத்தீங்களா?" என்றாள்.

அதிகாரி பேனாவை எடுத்து, இரண்டாவது குற்றச்சாட்டின் மேல் நீளமாக ஒரு கோடு போட்டார்.