இயந்திரத்தின் கண்ணில் சந்தனம்

முப்பது வருடமாகச் சாமி இல்லை என்று டீக்கடை டீக்கடையாகப் பேசி வந்த நான், போன ஆயுத பூஜையன்று ஓர் இயந்திரத்துக்குப் பொட்டு வைத்தேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. முதலாளி சந்தனத் தட்டை நீட்டினார், விரல் தானாகப் போனது. ஊசிக்குப் பக்கத்தில், கீழே பார்த்தபடி ஒரு வட்டக் கண்ணாடி இருந்தது. நெற்றி மாதிரி தெரிந்ததால் குனிந்து, கையை உள்ளே விட்டு, அதில் வைத்தேன்.

அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டி ஓரத்தில் எங்கள் கம்பெனி. கார்களின் பின்பக்கக் கேமராவுக்கான சின்ன லென்சுகளை வளையத்தில் ஒட்டிக் கொடுக்கிறோம். ஒட்டுவது அந்த இயந்திரம். கடுகைவிடச் சிறிய பசைத்துளிகளை ஊசி வழியாக லென்சின் விளிம்பில் வைக்கும். துளி பெருத்தால் பசை கண்ணாடியில் வழியும். சிறுத்தால் லென்ஸ் ஆடும். நான் மேனேஜர். தூசி கூடாது என்று பெண்களை விரட்டுவதே என் உத்தியோகம். பவுடர் போட்டு வந்தால் முகம் கழுவ அனுப்புவேன். தூசியைப் பற்றிய என் உரைகளைத் தொகுத்தால் ஒரு நூல் வரும். அதன் மேலும் தூசிதான் படியும்.

இயந்திரத்தை ஓட்டுவது எம்.ரெட்டியபட்டிப் பெண். அம்மா பருத்தி எடுக்கப் போகிறவர். மூன்று வாரமாக ஊசியின் உயரத்தையும் காற்றழுத்தத்தையும் மாற்றி மாற்றித் துளியை வழிக்குக் கொண்டுவந்திருந்தாள். பூஜை முடிந்து வேலை தொடங்கும் அன்று, மதியப் பார்சலில் மாதிரி லென்சுகள் கோயம்புத்தூர் போக வேண்டும். அவை தேறினால் அவள் வேலை நிரந்தரம். இல்லையென்றால் இயந்திரத்தையே விற்றுவிடப் போவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

அன்று காலை, திரையில் ‘லென்ஸ் இல்லை’ என்று வந்தது. தட்டு நிறைய லென்ஸ். நான் கரண்டைச் சந்தேகித்தேன், பிறகு காற்றின் ஈரப்பதத்தை. காய்ந்து கிடக்கும் அருப்புக்கோட்டையில் ஈரப்பதம்! கையேட்டை அரைமணி நேரம் உரக்கப் படித்தேன்.

“பூசை போட்டும் இப்பிடிப் பண்ணுதே, திருஷ்டியா இருக்குமோ?” என்றார் முதலாளி.

அவள் டார்ச்சை அடித்துக் கீழிருந்து பார்த்தாள். “அண்ணாச்சி, லென்ஸப் பாக்குற கேமராவுல ஒரு ஓரமா சந்தனம் அப்பியிருக்கு. யாரு வச்சது?”

நான் அவசரமாக அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

“நம்ம மேனேஜரு. பயபக்தியா வச்சாரு.”

“ஏன் சார், பவுடருக்கே வெரட்டுவீகளே!”

அவள் கேமராவைத் துடைத்தாள். சந்தனம் உதிர்ந்த தட்டை ஒதுக்கினாள். புதுத் தட்டு வைத்து ஓட்டினாள். பார்சல் வண்டி கிளம்புகிற நேரத்தில் கடைசி லென்ஸ் பெட்டிக்குள் போனது.

மாதிரிகள் தேறின. நிரந்தர உத்தரவை அவளிடம் கொடுக்கும் பெருமையை நானே எடுத்துக்கொண்டு, துல்லியம் குறித்துப் பத்து நிமிடம் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, காகிதத்தை மடித்தபடி சொன்னாள்:

“வைக்கிறதுதான் வச்சீக, நடுவுலயாச்சும் வச்சிருக்கலாம்ல சார்?”