சிரித்தாலும் வருத்தமோ

கல்யாணமாகி நாங்கள் லிங்கநகரில் வாடகைக்கு வீடு எடுத்தபோது அவர் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தார். கரையிலிருந்து கப்பலுக்குச் சாமான் கொண்டுபோகும் தட்டைப் படகை வத்தை என்போம். அந்த வத்தையில் நின்று, ஏறுகிற தேயிலைப் பெட்டிகளை எண்ணுவதுதான் அவருடைய வேலை. நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தேன். அவர் அதிகம் கதைக்கமாட்டார். கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் வரும். எனக்கு அது பிடித்திருந்தது.

இரண்டாவது வருடம் மாரி மழை முடிந்த கையோடு அவர் மாறத் தொடங்கினார். விடியுமுன்பே எழும்பி முற்றம் கூட்டினார். வேலையால் வந்ததும் பாட்டுப் பாடினார், எனக்குப் பூ வாங்கி வந்தார், ஒரு கதையை முடிக்குமுன் இன்னொரு கதைக்குத் தாவினார். உள்ளதைச் சொன்னால், முதல் சில நாட்கள் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. கூச்சம் போய் மனிதர் என்னோடு மனம் விட்டுப் பழகுகிறார் என்று நினைத்தேன்.

பிறகு பழைய வத்தை ஒன்றை வாங்கப்போவதாகச் சொன்னார். அதில் இயந்திரம் பூட்டி அக்கரையில் இருக்கும் மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் ஆட்களை இலவசமாக ஏற்றப்போகிறாராம். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வாசல் படலையில் ஒரு கூட்டம் வந்து நின்றது. எல்லோரும் மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் வந்தவர்கள், வெள்ளைச் சட்டை போட்டவர்கள். முன்னுக்கு நின்றவர் நரைத்த தாடி வைத்த ஒரு சம்மாட்டியார். சொந்தமாகப் படகுகள் வைத்து மீன்பிடிப்பிப்பவர்.

"தங்கச்சி, கப்பல் கொம்பனி திறக்கிறார், மத்தியானச் சாப்பாடு இருக்கு எண்டு உங்கட மனிசன் சொன்னார். அதுதான் வந்தனாங்கள்" என்றார்.

வீட்டில் எங்கள் இருவருக்குமான அரிசிதான் ஊறிக்கொண்டிருந்தது. இவரோ கதிரையில் ஏறி நின்று பேசத் தொடங்கிவிட்டார். நான் குசினி வழியாகப் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அந்த அக்கா ஒன்றும் கேட்காமல் தன்னுடைய பெரிய பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் ஆக்கினோம். வந்தவர்கள் மரியாதையாகச் சாப்பிட்டார்கள். முதலில் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தவர்கள் போகப் போகச் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். இவர் மட்டும் ஒரு வாய் சாப்பிடவில்லை, பேச்சையும் நிறுத்தவில்லை.

எல்லோரும் எழும்பிய பிறகு சம்மாட்டியார் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டே என்னிடம் மெல்லச் சொன்னார்: "தங்கச்சி, குறை நினைக்காதீங்க. என்ட தங்கச்சிக்கும் இதுதான். நாங்களும் பேய், சூனியம் எண்டு அலைஞ்சனாங்கள். இது வருத்தம், ஒரு நோய். கொழும்பில பெரியாஸ்பத்திரியில மருந்து இருக்கு. இப்ப அவ புள்ள குட்டியோட நல்லா இருக்கிறா."

நான் அதை என் கணவரின் அக்காவிடம், என் மச்சாளிடம், சொன்னேன். மச்சாள் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் குடும்பத்தில் அப்படி வருத்தம் கிடையாது, யாரோ எதையோ செய்துவிட்டார்கள் என்றார். மந்திரிக்கிற ஒருவரைக் கூட்டி வந்து இவர் கையில் நூல் கட்டுவித்தார். சில வாரங்களில் அவர் அடங்கினார். பாட்டு நின்றது. பிறகு பேச்சு நின்றது. பிறகு குளிப்பு, சாப்பாடு, வேலைக்குப் போவது எல்லாம் நின்றன. சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடந்தார். மச்சாள் வந்து பார்த்து, "கண்டியோ, நூல் வேலை செய்திட்டுது" என்றார்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்தால் வந்து தேத்தண்ணி கொடுத்தபோது, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "நான் வத்தையில இருந்து தவறி விழுந்தா உமக்கு லேசாப் போயிடும்."

நான் கோப்பையை வைத்துவிட்டுப் பக்கத்து அக்காவை அவருக்குப் பக்கத்தில் இருத்தினேன். நேரே மச்சாள் வீட்டுக்குப் போய், "நாளைக்கு இவரைக் கொழும்புக்குக் கொண்டுபோறன். நீங்களும் வந்தால் உதவி. வராட்டிலும் போவன்" என்றேன். மச்சாள் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார். ஆனால் வந்தார்.

டொக்டர் ஆங்கிலத்தில் ஒரு பெயர் சொன்னார். கதிரையில் ஏறி நின்று பேசியதும் சுவரைப் பார்த்துக் கிடந்ததும் ஒரே வருத்தம்தான் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. லித்தியம் என்ற குளிசை தந்தார்கள். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், உப்பைத் திடீரென்று குறைக்கக் கூடாது, இடைக்கிடை வந்து இரத்தம் சோதிக்க வேண்டும் என்றார்கள். ஊருக்கு வந்ததும் குளிசையால் அவருக்குக் கை கொஞ்சம் நடுங்கியது. ஆனாலும் எழும்பினார், குளித்தார், வேலைக்குப் போனார்.

அதற்குப் பிறகுதான் எங்களுக்குள் கரைச்சல் தொடங்கியது. நான் காவற்காரி ஆகிவிட்டேன். குளிசைப் போத்தலைத் தூக்கிப் பார்ப்பேன். அவர் புரண்டு படுத்தால் முழிப்பேன். கடைக்குப் போய்ச் சுணங்கினால் சந்தி வரை போய் நிற்பேன். அவருக்காகத்தான் செய்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் வானொலியில் பகிடி நாடகம் போனது. அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் அகப்பையோடு குசினியால் வந்து அவருடைய முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"என்ன பாக்கிறீர்?"

"ஒண்டுமில்லை."

"நான் சிரிச்சாலும் வருத்தமோ?"

வானொலியை நிறுத்திவிட்டு வெளியே போனார். அந்தக் கிழமை முழுக்க நாங்கள் தேவைக்கு மட்டும்தான் கதைத்தோம். அடுத்த சனிக்கிழமை பின்னேரம், "கடற்கரைக்கு வாரீரோ?" என்று அவரே கேட்டார்.

மணலில் இருந்து நெடுநேரம் கதைத்தோம். முதலில் அவர்தான் தொடங்கினார். "மற்ற ஆக்கள் கோவப்பட்டா அது கோவம். நான் கோவப்பட்டா வருத்தம். எனக்கெண்டு ஒரு கோவம்கூட இல்லாமப் போச்சு. நீர் என்னோட இருக்கிறீர் இல்லை. எனக்குக் காவல் இருக்கிறீர்."

"எனக்குப் பயம்" என்றேன். "மூதூர்ச் சனம் வந்து நிண்ட அண்டைக்கு நீங்கள் பேசினியள். சமைச்சது நான்."

அவர் கையில் ஒட்டிய மணலைத் தட்டினார். பிறகு, "பருப்பு நல்லா இருந்ததாம்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அந்தத் தடவை நான் அவருடைய கண்ணை ஆராயவில்லை.

அன்று எங்களுக்குள் சில விஷயங்களைப் பேசித் தீர்த்தோம். குளிசை அவருடைய பொறுப்பு, போத்தலை நான் தொடக்கூடாது. வருத்தம் வருவதை அவர் எப்படி உணர்கிறார் என்று நான் அதுவரை கேட்டதே இல்லை. அன்று கேட்டேன். "பெட்டி எண்ணேக்க, நான் சொல்ல முந்தி எண் தானா முன்னுக்கு ஓடும்" என்றார். அப்படி ஓடினால் முதலில் எனக்குச் சொல்வதாக ஒப்புக்கொண்டார். அவருடைய நித்திரை அடுத்தடுத்துக் கெட்டால் நான் வாய் திறக்கலாம். "கொழும்புக்குப் போவம்" என்று நான் சொன்னால், தான் செய்வதுதான் சரியென்று அவருக்கு எவ்வளவு பட்டாலும் வரவேண்டும். அவருக்குச் சொல்லாமல் மச்சாளிடம் நான் எதையும் சொல்லக்கூடாது. நானும் ஒன்று கேட்டேன். கல்யாணத்துக்கு முன் ஒரு சிநேகிதி வீட்டில் பாட்டுப் படித்துக்கொண்டிருந்தேன், அதை விட்டிருந்தேன். சனிக்கிழமைகளில் திரும்பவும் போவேன், அவர் எழும்பினாலும் படுத்தாலும் போவேன் என்றேன்.

"போம். நல்லாப் படியும். ஆனா வீட்டில பாடிப் பழகிடாதையும்" என்றார்.

அடுத்த வருடம் அவசரமாக ஏற்றவேண்டிய கப்பல் ஒன்றுக்காக அவரை நாள் தவறாமல் இரவு வேலைக்குப் போட்டார்கள். நித்திரை குழம்பியது. எண் முன்னுக்கு ஓடியதை அவர் எனக்குச் சொல்லவில்லை. வத்தைக்கென்று பாய்மரத் துணிச்சுருள் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது எனக்கே தெரிந்துவிட்டது.

"கொழும்புக்குப் போவம்" என்றேன்.

துணியை நிலத்தில் எறிந்தார். "நான் சந்தோஷமா இருந்தா உமக்குப் பிடிக்காது! நான் செத்த பிணம் மாதிரிக் கிடந்தாத்தான் உமக்கு நிம்மதி!" என்று அயலுக்கே கேட்கக் கத்தினார்.

"கடற்கரையில சொன்னனீங்கள்" என்று மட்டும் சொன்னேன். அவர் வெளியே போய்க் கிணற்றுக் கட்டில் இருந்தார். எழும்பி நடந்தார், திரும்ப இருந்தார். நான் பக்கத்தில் போகவில்லை. கடைசியில் வாசலில் வந்து நின்று, "சட்டையை எடுத்து வையும்" என்றார்.

கொழும்பு வரை ரயிலில் எனக்கு முதுகைக் காட்டியபடியே இருந்தார். அங்கே ஆஸ்பத்திரியில் சில வாரங்கள் இருந்தார். திரும்பி வந்த பிறகு தானாகவே பெரிய கிளார்க்கிடம் போய்த் தன் வருத்தத்தைச் சொல்லி, இனிமேல் பகல் வேலை மட்டும் தரும்படி கேட்டார். பெரிய கிளார்க் தந்தார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல ஏலாது. இடைக்கிடை படுத்துக்கொள்ளும் காலங்கள் வந்தன. அப்போது எழும்பச் சொல்லிக் கெஞ்சுவதை விட்டுவிட்டேன். தேங்காய் துருவித் தரச் சொல்வேன். சில நாள் துருவுவார், சில நாள் திருவலையைப் பார்த்தபடி இருப்பார். எனக்கு எரிச்சல் வந்த நாட்களும் உண்டு. அந்த நாட்களில் எரிச்சலாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். மகள் பிறந்து விவரம் தெரிந்த வயதில், அப்பாவுக்கு இப்படி ஒரு வருத்தம் இருக்கிறது என்று அவரே அவளை மடியில் வைத்துச் சொன்னார். அவள் கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

எழுபதுகளின் கடைசியில் அவரோடு வேலை செய்த ஒருவரின் மகனுக்கு இதே மாதிரி வந்தது. தகப்பனும் தாயும் வெட்கத்தில் வெளியே சொல்லாமல் இருந்தார்கள். செய்தி காதில் விழுந்ததும் இவர் லீவு போட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனார். அடுத்த நாள் மூன்று பேரையும் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே, "அந்தத் தாய் மனிசி ரயிலில என்னட்டக் கேட்டவ, இது முழுக்கச் சுகமாகி மாறுமோ எண்டு" என்றார்.

"என்ன சொன்னியள்?"

"மாறாது எண்டனான். ஆனா குடும்பம் நடத்தலாம் எண்டு சொன்னனான். பொய் சொல்ல மனம் வரேல்லை. சொன்னது பிழையோ?"

"இல்லை" என்றேன்.

தேத்தண்ணி கேட்டார். நான் கொண்டுவருமுன் கதிரையிலேயே நித்திரையாகிவிட்டார்.