தலை பின்னிவிட்டது யார்

டயர் கடைக்கு மேல்மாடியில் நடந்த அந்தச் சபையில், ஆராதனை முடியும் தறுவாயில் பாஸ்டர் "யாருக்காவது சாட்சி இருக்கா?" என்று கேட்பார். கடவுள் தனக்குச் செய்த நன்மையை எல்லோர் முன்னாலும் எழுந்து சொல்வதுதான் சாட்சி. கேட்டு முடிப்பதற்குள் மூன்றாவது வரிசையில் ஒருத்தி எழுந்து நின்றிருப்பாள். அவளுக்கு ஸ்தோத்திரத்தக்கா என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயரும் ஒன்று உண்டு. பாவம், அது சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது.

ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. துவைத்த படுக்கைவிரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டு, மறுபக்கம் வருவதைப் பிடித்து மடிக்க வேண்டும். சுருக்கமில்லாமல் வந்தால் கடவுளுக்கு நன்றியாக 'ஸ்தோத்திரம்' என்பாள். மறுமுனையைப் பிடித்து இழுத்துக் கொடுக்கிறவளுக்கு ஒன்றும் கிடையாது. பஸ் நேரத்துக்கு வந்தாலும் ஸ்தோத்திரம்தான். ஓட்டிக்கொண்டு வந்தவனை ஏறிட்டும் பார்க்கமாட்டாள். கேஸ் சிலிண்டர் ஒரு வாரம் கூடுதலாக வந்ததற்கு அவள் சொன்ன சாட்சியில் பாஸ்டருக்கே கொட்டாவி வந்துவிட்டது. அவளுடைய கணக்கில் வானத்துக்கும் அவளுக்கும் நடுவே ஆட்களே கிடையாது.

திமிர் பிடித்தவள் என்று சிலர் சொன்னார்கள். அதை முழுசாக ஒத்துக்கொள்ள முடியாது. சின்ன வயதில் அவள் அத்தை வீட்டில் வளர்ந்தவள். அத்தை வயிறாரப் போட்டாள், போட்டதையெல்லாம் வருகிறவர் போகிறவரிடம் சொல்லியும் காட்டினாள். புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தால் அது தேய்கிற வரைக்கும் அந்தப் பேச்சு ஓயாது. மனிதர் கையிலிருந்து எதை வாங்கினாலும் தலைகுனிந்துதான் வாங்க வேண்டும் என்று அப்போதே அவளுக்குப் பட்டுவிட்டது. கடவுள் சொல்லிக்காட்டுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் அவரிடமிருந்தே வாங்கியதாக வைத்துக்கொண்டாள். மனுஷரைப் புகழ்ந்தால் ஆண்டவருடைய மகிமையில் பங்கு போய்விடும் என்று யாரோ பிரசங்கித்ததும் அவளுக்கு வசதியாகப் போயிற்று.

கணவன் இறந்தபின் வீட்டில் அவளும் அவனுடைய தங்கையும் மட்டும் மிஞ்சினார்கள். அண்ணன் போன பிறகு அண்ணியோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டிய கட்டாயம் ஒரு நாத்தனாருக்கு இல்லை. இருந்தாலும் இருந்தாள், ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவளுக்குப் பல் மருத்துவமனையில் கருவிகள் கழுவி வைக்கும் வேலை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் விரல்களில் மருந்து நெடி போகாது. பேச்சு குறைவு. சபையில் அண்ணிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருவாள், சாட்சி சொல்ல ஒருநாளும் எழுந்ததில்லை.

அப்போதுதான் அந்த விபத்து நேர்ந்தது. சலவைக்கூடத்தில் ஈரத் தரையில் கால் வழுக்கி, வலது மணிக்கட்டு முறிந்தது. முழங்கை வரை மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். நாத்தனார் விடிவதற்கு முன்பே எழுந்து அண்ணியைக் குளிப்பாட்டுவாள், பொத்தான் மாட்டுவாள், தலை சீவி இறுக்கப் பின்னுவாள், மத்தியானச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு வேலைக்கு ஓடுவாள். மீன் என்றால் முள் எடுத்து உதிர்த்து, ஸ்பூனும் போட்டு வைப்பாள். மாதக்கணக்கில் இப்படியே போயிற்று. ஒருநாளும் அவள் முகம் சுளிக்கவில்லை. ஸ்தோத்திரத்தக்காவும் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எலும்பு கூடிவிட்டது, இன்னும் கொஞ்ச நாளில் கட்டைப் பிரித்துவிடலாம் என்று டாக்டர் சொன்ன வாரம், அவள் வழக்கம்போல சபையில் எழுந்தாள்.

"கை ஒடிஞ்சு கிடந்தேன். எனக்குன்னு ஒரு மனுஷர் இல்ல. ஒருத்தரும் எட்டிப் பார்க்கல. என் கர்த்தர்தான் என்னைக் குளிப்பாட்டினார், உடுத்தினார், ஊட்டினார்."

சபை ஆமென் என்றது. அன்று காலை அவளுக்கு உடுத்திவிட்டவள் பக்கத்து நாற்காலியில் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளும் ஆமென் என்றாள், கொஞ்சம் தாமதமாக.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் நாத்தனார் பேசினாள். குரல் உயரவில்லை.

"சோறு போடுறேன் அண்ணி, துணி துவைக்கிறேன், மருந்து எடுத்துத் தர்றேன். தலையை மட்டும் நாளையிலிருந்து கர்த்தரே பின்னிவிடட்டும்."

அதோடு இன்னொன்றும் சொன்னாள். தன் தம்பி பெண்டாட்டிக்குப் பேறுகாலம் நெருங்கிவிட்டது, அங்கேயே வந்து இருந்துவிடச் சொல்லி அவன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான், அடுத்த திங்கட்கிழமை கிளம்பப் போகிறாள். இந்த வீட்டில் தனக்கு இருப்பதெல்லாம் இரண்டு பைக்குள் அடங்கிவிடும் என்றாள். மறுநாளே அந்த இரண்டு பைகளும் சுவரோரம் வந்து உட்கார்ந்தன.

ஸ்தோத்திரத்தக்காவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. சாட்சி சொன்னதில் என்ன தப்பு? கர்த்தருக்குச் சேர வேண்டியதைக் கர்த்தருக்குக் கொடுத்தாள், அவ்வளவுதானே? இது சோதனைக்காரனான சாத்தானின் வேலை என்று முடிவுகட்டி, சீப்பை இடது கையில் எடுத்தாள். ரப்பர் வளையத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு கண்ணாடி முன் நின்று என்னென்னவோ செய்து பார்த்தாள். முடி தோளில் விழுந்தது, காதில் விழுந்தது, பின்னலில் மட்டும் விழவில்லை. நாத்தனார் சொன்ன சொல் தவறவில்லை. சாப்பாடு வந்தது, மீனில் முள் இல்லை, துணி மடித்து வைத்திருந்தது. சிக்குப் பிடித்த தலையை மட்டும் அவள் பார்க்காதவளாகக் கடந்து போனாள். 'கொஞ்சம் சீவிவிடேன்' என்று கேட்டிருந்தால் ஒருவேளை செய்திருப்பாள். கேட்கத்தான் அண்ணிக்கு வாய் வரவில்லை.

வாரத்தின் நடுவில் கோபம் வடிந்து பயம் வந்தது. இந்தப் பைகள் போய்விட்டால் வீட்டில் யார் இருப்பது? அவள் முழங்கால் போட்டு, நாத்தனாரின் மனதை மாற்றும்படி கேட்க ஆரம்பித்தாள். எதைக் கேட்பதற்கு முன்பும் நன்றி சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம். குளிப்பாட்டினீரே என்றாள்; மருந்து நெடி அடிக்கும் விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன. உடுத்தினீரே என்றாள், அதே விரல்கள். ஊட்டினீரே என்று சொல்லப் போய் அப்படியே நிறுத்திக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் பாதியில் விட்ட ஜெபம் அது ஒன்றுதான்.

ஞாயிறன்று நாத்தனார் சமையல் இருக்கிறது என்று சொல்லி வீட்டிலேயே நின்றுவிட்டாள். ஸ்தோத்திரத்தக்கா முக்காட்டை நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டு தனியாகப் போனாள். முக்காட்டுக்குள் தலை எந்தக் கோலத்தில் இருந்தது என்பது அவளுக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரியும். பாஸ்டர் வழக்கம்போலச் சாட்சி கேட்டுவிட்டு மூன்றாவது வரிசையைப் பார்த்தார். அவள் எழவில்லை. முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள், இன்னொருத்தி மின்விசிறியைக் கூட்டிவைக்கச் சொன்னாள்.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டரே வந்து, "உடம்புக்கு என்னம்மா? சாட்சி ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார்.

"சாட்சி இருக்கு பாஸ்டர். சொல்ல வேண்டிய இடம் இது இல்ல."

சொல்லிவிட்டாளே தவிர, வீடு வந்து சேர்ந்ததும் மறுபடியும் வாய் பூட்டிக்கொண்டது. வாசலில் சொல்ல நினைத்தாள், கை கழுவும்போது சொல்ல நினைத்தாள். ஆயிரம் பேர் முன்னால் கூசாமல் பேசக்கூடிய நாக்கு, அடுப்பங்கரையில் நின்ற ஒருத்தி முன்னால் எழும்ப மறுத்தது. நாத்தனார் தட்டுகளை வைத்தாள். சோறு, உதிர்த்த மீன், ஸ்பூன். சுவரோரம் பைகள் அப்படியே இருந்தன. அந்த வீட்டில் சாப்பிடும் முன் ஜெபம் பண்ணுவது எப்போதும் அண்ணிதான். இருவரும் கண்ணை மூடினார்கள்.

"ஆண்டவரே, இந்தச் சாப்பாட்டுக்காக ஸ்தோத்திரம்," என்று ஆரம்பித்தாள். வழக்கமாக இதற்குப் பிறகு வெள்ளமாக வரும். இன்று ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது. "இதைச் சமைச்ச கைக்காக ஸ்தோத்திரம். முள் எடுத்த கைக்காக ஸ்தோத்திரம். நீர் என்னைக் குளிப்பாட்டல ஆண்டவரே, அவதான் குளிப்பாட்டினா. நீர் அவளை எனக்குக் கொடுத்தீர். நான் சபையில பொய் சொல்லிட்டேன். எனக்கு ஒரு மனுஷர் இல்லைன்னு சொல்லிட்டேன்."

சாப்பாட்டிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

"அண்ணி," என்றாள் நாத்தனார். "கண்ணைத் திறந்துட்டு என்கிட்ட சொல்லுங்க."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எதையும் சொல்லிவிடலாம், அதில் அவளுக்கு ஆயுள் முழுக்கப் பழக்கம். இமைகளைத் திறப்பது, ஒடிந்த கையைத் தூக்குவதைவிடச் சிரமமாக இருந்தது. திறந்தாள். எதிரே நாத்தனார் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணை மூடவே இல்லையோ என்னவோ.

"எனக்குன்னு இருக்கிற மனுஷி நீதான்," என்றாள் ஸ்தோத்திரத்தக்கா. அவளுக்கு அழுகை வந்தது, மறைக்கவும் இல்லை. "நீ செஞ்சதுக்கு நன்றி."

"ஆமென்," என்றாள் நாத்தனார். "சாப்பிடுங்க, ஆறிடும்."

அவள் சொல்லிக்காட்டவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. மறுநாள் காலை சிக்கெடுக்கவே வெகுநேரம் பிடித்தது, அண்ணி வலியில் இரண்டு முறை ஸ்தோத்திரம் என்று கத்தினாள். இறுக்கப் பின்னி முடித்து, முனையில் ரப்பர் வளையத்தைப் போட்டுவிட்டு நாத்தனார் கையைக் கழுவிக்கொண்டாள். தம்பி வீட்டுக்குக் கிளம்பத்தான் செய்தாள், பிள்ளை பிறக்கிற வீட்டில் ஆள் வேண்டுமே. பஸ் வந்தது. நாத்தனார் ஏறிக்கொண்டாள். அண்ணி டிரைவர் பக்கமாக நடந்து போய், பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி, அவருக்கும் ஒரு நன்றி சொன்னாள். டிரைவர் ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டினார்.

வீட்டுக்குத் திரும்பியபோது சுவரோரம் இரண்டு பைகளில் ஒன்று அப்படியே இருந்தது.