கோத்தகிரி ரொட்டி

அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மென்டுக்கு அடுத்த பிளாக்கில் ஒரு பெண் இருந்தாள். என்னைவிட எட்டு வயது இளையவள், கோயம்புத்தூர்க்காரி. ஊரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருந்தவள். கல்யாணமாகி டிபென்டன்ட் விசாவில் வந்ததால் இங்கே வேலைக்குப் போக முடியவில்லை. கணவர் காலை ரயிலுக்குக் கிளம்பிப் போனதும் வீடு ஓவென்று இருக்கும். அந்த நேரத்தில் சமைப்பதைப் போனில் படம் பிடித்துப் போட ஆரம்பித்தாள். எனக்கும் அவளுக்கும் பழக்கமான சமயத்தில் அவள் பெரிய ஆள் ஆகியிருந்தாள். இந்தியக் கடையில் நாங்கள் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே யாராவது வந்து அவளோடு செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள்.

எங்கள் வளாகத்து வீடுகளில் சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. வெளிச்சம் வேண்டும் என்பதற்காக அவள் பால்கனிக் கதவை ஒட்டி ஒரு மேஜையைப் போட்டு, அதில் இண்டக்‌ஷன் அடுப்பை வைத்துத்தான் படம் எடுப்பாள். வீடியோவில் பார்த்தால் பெரிய சமையலறை போலத் தெரியும். ஷூ அடுக்கும் ரேக்கும் மடிக்காத துணியும் கேமராவுக்குப் பின்னால் இருக்கும்.

ஒரு கோடையில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. வளாகத்தில் இருக்கும் ஒவ்வொரு ஊர்க்காரரையும் கூப்பிட்டு, அவரவர் வீட்டுச் சாப்பாடு ஒன்றைச் செய்ய வைப்பது. திண்டுக்கல்காரர் ஒருவர் பிரியாணி செய்தார். நாகர்கோவில் ஆன்ட்டி ஒருவர் சாளை மீன் அவியல் செய்தார். அடுத்து என்னிடம் வந்தாள். "அக்கா, நீங்க கோத்தகிரிதானே. மலைச் சாப்பாடு ஏதாச்சும் பண்ணுங்க" என்றாள்.

கோத்தகிரியின் பூர்வீகக்காரர்கள் என்ன சமைப்பார்கள் என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. எங்கள் வீட்டில் நான் பார்த்தது அப்பாவின் ரொட்டி. அம்மா விடிந்ததும் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகவேண்டும் என்பதால் காலைச் சாப்பாடு எப்போதும் அப்பா பொறுப்பு. மைதா மாவில் துருவிய தேங்காயும் உப்பும் போட்டு, கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கையாலேயே தட்டிக் கல்லில் போடுவார். போட்டதும் விரல்களால் அங்கங்கே அழுத்துவார். கனமான ரொட்டி. ஒன்று தின்றால் மத்தியானம் வரை மலை ஏறி இறங்கலாம். தொட்டுக்கொள்ள வரமிளகாய், வெங்காயம், உப்பு வைத்து இடித்த சம்பல். கையில் காசு இருக்கிற வாரத்தில் அதில் மாசிக் கருவாடும் சேரும்.

அன்று அதைத்தான் செய்தேன். ஃப்ரோசன் தேங்காய்த் துருவல், அமெரிக்க மைதா. கேமராவைப் பார்த்து, "இது எங்க கோத்தகிரி ரொட்டி" என்று சொன்னேன். சிரித்துச் சமாளித்தேன்.

அது கோத்தகிரி ரொட்டி இல்லை. என் அப்பாவின் முன்னோர் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து இலங்கை மலைக்குக் கூலியாகப் போனவர்கள். வாராவாரம் தோட்டத்தில் அளந்து போட்ட மாவை வைத்து அவர்கள் கண்டுபிடித்துக்கொண்ட சாப்பாடு அது. மூன்று தலைமுறை அங்கே தேயிலை பறித்த பிறகு, இரண்டு அரசாங்கங்கள் பேசி, இத்தனை பேர் உங்களுக்கு, இத்தனை பேர் எங்களுக்கு என்று பிரித்துக்கொண்டன. அப்பா தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியபோது அவருக்குப் பதினாறு வயது. இந்தியாவுக்குத் திரும்பினார்கள் என்று காகிதத்தில் இருக்கிறது. அவர் அதற்கு முன் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. மண்டபம் முகாமில் சில வாரம் இருந்துவிட்டு, நீலகிரியில் தேயிலைத் தோட்ட வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். வந்த புதிதில் கடையில் கோதுமை மாவு கேட்டிருக்கிறார். இலங்கையில் மைதாவுக்கு அதுதான் பேர். கடைக்காரர் கொடுத்தது வேறு மாவு. அன்றைக்குச் சுட்ட ரொட்டி வேறு நிறத்தில், வேறு ருசியில் வந்ததைப் பார்த்து அவருடைய அம்மா அழுதாராம்.

கோத்தகிரியில் எங்களைச் சிலோன்காரங்க என்பார்கள். பள்ளிக்கூடத்தில் நான் டப்பாவைத் திறந்தால், "சிலோன் ரொட்டி வந்திருச்சு" என்று பக்கத்தில் இருப்பவள் சொல்வாள். அவள் கெட்டவள் இல்லை, பாதி ரொட்டியை அவளே தின்பாள். ஆனாலும் அந்த வார்த்தை என்னைக் குத்திக்கொண்டே இருந்தது. கோவையில் கல்லூரிக்குப் போனபோது யார் கேட்டாலும் ஊட்டி என்று சொன்னேன். கல்யாணத்துக்கு முன் கணவரிடம் சொல்லிவிட்டேன். அவர் வீட்டாரிடம் சொல்லவில்லை. மகளுக்குச் சொல்ல நேரம் வரவில்லை என்று நானே நினைத்துக்கொண்டேன்.

வீடியோ போட்ட மூன்றாம் நாள் அதன் கீழே சண்டை நடந்துகொண்டிருந்தது. இது எங்கள் இலங்கை நாட்டு ரொட்டி, இவர்கள் எப்படித் தங்களுடையது என்று சொல்லலாம் என்று சிலர். தமிழன் சுட்டால் தமிழன் ரொட்டிதான் என்று சிலர். அவற்றுக்கு நடுவே டெக்சாஸிலிருந்து ஒருவர், "கல்லுல போட்டுட்டு விரலால அழுத்துறீங்களே, எங்க அம்மாவும் அப்படித்தான். நாங்க கூடலூர். உங்க வீட்டுல சிலோன்ல எந்தத் தோட்டத்துலேருந்து வந்தாங்க அக்கா?" என்று எழுதியிருந்தார். ஆபீஸ் மீட்டிங் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைப் படித்தேன். மைக்கை அணைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

அன்று மாலை மகளின் ஸ்கூல் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது வீடியோ எடுத்த தோழி வந்து கேட்டாள், யார் சொல்வது உண்மை என்று. மரத்தடியில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். என்னால் அவளுக்குக் கெட்டபேர் வந்துவிட்டதே என்று மன்னிப்பும் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. "ஊர்ல யார் கேட்டாலும் நான் பிரேக் எடுத்திருக்கேன்னுதான் சொல்லுவேன் அக்கா. விசால வேலைக்குப் போக விடலன்னு சொன்னதே இல்ல" என்றாள். பிறகு, உங்கள் அப்பாவையே பேச வைக்கலாமா என்று கேட்டாள்.

அப்பா அந்த வீடியோவை ஏற்கெனவே பார்த்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் காட்டியிருக்கிறார். நான் சொன்ன அந்த வார்த்தையைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை. "ரொட்டி நல்லா வந்திருக்கு பாப்பா" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நீங்களே வீடியோவில் பேசுங்கள் என்று நான் சொன்னேன்.

"அதெல்லாம் சொன்னா உன் கிரீன் கார்டுக்கு ஒண்ணும் ஆகாதா?" என்று கேட்டார்.

ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். அவர் உடனே நம்பவில்லை. வாழ்க்கை முழுக்கக் காகிதத்தால் தள்ளப்பட்டவர். என் கணவரிடமும் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் சம்மதித்தார்.

ஒரு சனிக்கிழமை காலை, அங்கே சாயங்காலம், எங்கள் வீட்டில் தோழியும் நானும் வீடியோ காலில் உட்கார்ந்தோம். அப்பா ஸ்வெட்டர் போட்டு, தலையை எண்ணெய் வைத்து வாரி, ஆபீசுக்கு வந்தவர் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். ரொட்டியைப் பற்றித்தான் பேச ஆரம்பித்தார். மாவு எவ்வளவு, தேங்காய் எவ்வளவு. நடுவில் அவராகவே தன் அக்காவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

ரொட்டி சுட அவருக்குக் கற்றுக்கொடுத்தது அக்காதான். அவரைவிட ஆறு வயது மூத்தவர். அக்காவைக் கட்டிக்கொடுத்த வீட்டில் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதியிருந்தார்கள். அப்பா வீட்டில் இந்தியாவுக்கு எழுதியிருந்தார்கள். அதனால் அக்கா அங்கே, இவர்கள் இங்கே. ரயில் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்த அக்கா ஒரு துணியில் ரொட்டி கட்டிக்கொடுத்தாராம். கொஞ்ச வருடம் கடிதம் வந்தது. இலங்கையில் நடந்த இனக் கலவரத்துக்குப் பிறகு நின்றுவிட்டது. அப்பா எழுதிய கடிதங்கள் திரும்பியும் வரவில்லை, பதிலும் வரவில்லை. இவையெல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத் தெரியும். ஆனால் அவர் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை. தோட்டத்தின் பெயர், மேக்கணக்கு என்கிற மேல்பிரிவு, அங்கே தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம், வாசலில் இருந்த பேரிக்காய் மரம், அக்கா புருஷன் ஃபாக்டரியில் பார்த்த வேலை, எல்லாவற்றையும் விலாசம் எழுதுகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார். என் மகள் சோபாவின் கோடியில் ஐபேடை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். கால் முடிந்ததும், எனக்கு ஏன் இதையெல்லாம் சொல்லவே இல்லை என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

நான்கு நாள் கழித்துத் தோழி வீடியோவை வெட்டி ஒட்டி அனுப்பினாள். அழகாக இருந்தது. அப்பா பேசப் பேச நான் மாவு பிசைகிறேன், கல்லில் புகை எழும்புகிறது. ஆனால் அந்த ஒன்றரை நிமிடத்தில் அப்பாவின் அக்கா இல்லை. ஃபோன் செய்து கேட்டேன். ஜனங்கள் அவ்வளவு நேரம் நிற்க மாட்டார்கள், தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள் என்று அவள் தன்மையாகத்தான் விளக்கினாள். அவளுடைய தொழில் அது, அவளுக்குத் தெரியும்.

"அந்த இடத்துக்காகத்தான் அவர் பேசவே வந்தாரு" என்றேன்.

அவள் போனை வைத்துவிட்டாள். மனத்தாங்கலாகிவிட்டது என்று பயந்தேன். மறுநாள் வேறொன்று அனுப்பினாள். அதில் அளவும் இல்லை, புகையும் இல்லை. அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்து அக்காவைப் பற்றிப் பேசுகிறார், ஆறு நிமிடம், வெட்டே இல்லாமல். கடைசியில் தோட்டத்தின் பெயரையும் லயத்தையும் எழுத்தில் போட்டு, அதையே வெளியிட்டாள்.

முதல் வீடியோவைப் பார்த்தவர்களில் கால்வாசிப் பேர்கூட இதைப் பார்க்கவில்லை. அப்பா ஞாயிற்றுக்கிழமை தோறும், "அந்தப் பக்கத்துலேருந்து யாரும் பேசினாங்களா?" என்று கேட்பார். இல்லை என்பேன். சரி என்பார். சட்டென்று மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். எனக்கும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் அந்த வீடியோவைத் திறந்து கீழே புதிதாக ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பேன். பார்த்தே இராத ஒரு அத்தையை, ஒரு லயத்தை, ஒரு பேரிக்காய் மரத்தைத் தேடி நான் இப்படி ஏங்குவேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

இலைகள் உதிர்ந்து முடிந்த சமயத்தில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் எழுதினார். அந்தத் தோட்டத்துக்குக் கீழே உள்ள ஊரில் வேலை செய்கிறவர். மேக்கணக்கு லயங்களில் பாதி மண்சரிவில் போய்விட்டன, ஆட்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள், விசாரிக்கிறேன் என்றார். பத்து நாள் கழித்து மறுபடி எழுதினார். அக்கா இறந்து ஏழு வருடம் ஆகிறது. மகள் ஒருத்தி கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் இருக்கிறாள். எண் கொடுத்திருந்தார். கூடவே அவள் பேசி அனுப்பிய ஒரு வாய்ஸ் மெசேஜும் இருந்தது.

ரயிலிலேயே கேட்டேன். "மாமா, நான் உங்க அக்கா மக பேசுறேன்" என்று ஆரம்பித்தாள். என் வயதுதான் இருக்கும். அப்பா பேசும் அதே இழுப்பு, நான் கல்லூரிக் காலத்தில் வாயிலிருந்து தேய்த்துத் தேய்த்துக் கழுவிய அதே பேச்சு. அம்மா கடைசி வரைக்கும் கடிதாசி எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள், நினைவில் இருந்த பழைய முகாம் விலாசத்துக்கு, கலவரத்தில் மற்ற விலாசம் தொலைந்துவிட்டது என்றாள். தம்பி எந்த ஊரில் இருக்கிறதோ, குளிர் தாங்காதே என்று சொல்வார்களாம்.

அப்பாவுக்கு நான்தான் சொன்னேன். ஒரு நாள் முழுக்க எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். கடைசியில் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். "எப்ப?" என்று மட்டும் கேட்டார். ஏழு வருடம் என்றேன். அந்த ஏழு வருடத்தில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று நினைத்தாரோ என்னவோ. பிறகு அந்தப் பெண்ணின் குரலை அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். அன்று அதை எத்தனை முறை கேட்டார் என்று பக்கத்து வீட்டுக்காரர்தான் எனக்குச் சொன்னார். வீட்டுச் சுவரைத் தாண்டி அந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருந்ததாம்.

இப்போது அப்பாவும் அவளும் வாரம் ஒரு தடவை பேசிக்கொள்கிறார்கள். அத்தை மகள் வீட்டில் ரொட்டி சுடுவது குறைவு. வேலைக்குப் போகிற அவசரத்தில் கடைப் பாண்தான் என்கிறாள்; பிரெட்டுக்கு அங்கே அதுதான் பேர். அப்பா பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறார். பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். அது இருந்தால் கடலுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கவேண்டும்.

போன மாதம் அவள் ஒரு படம் அனுப்பினாள். கோயில் திருவிழாவில் எடுத்தது. நரைத்த தலை, ஒடுங்கிய கன்னம், காதில் சின்னத் தோடு, கேமராவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்க்கும் கண். நான் அதை அப்பாவுக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன்.

"எங்க அம்மா படம் உனக்கு எப்படிக் கெடச்சுது?" என்றார்.

அது அம்மா இல்லை, உங்கள் அக்கா என்று சொன்னேன். அவர் மனதில் அக்காவுக்கு இன்னும் இருபத்திரண்டு வயதுதான். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன், போனை வை பாப்பா என்றார். நான் வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை.