வீரனார் போட்டிருந்த மெடல்கள்

குரும்பலூருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில், மார்பில் மூன்று ராணுவ மெடல்கள் தொங்கியது ஒரே ஒருவருக்குத்தான். அவர் வீரனார். மண்குதிரை மேல் முறுக்கு மீசையோடு உட்கார்ந்து ஊர் எல்லையைக் காக்கிற சாமி. நிஜமாகவே சண்டைக்குப் போய் வந்தவர் வேறு ஆள். அவர் பெயர் ராசாங்கம். போய் வந்தவரின் மார்பு வெறுமையாக இருந்ததற்கும், இருந்த இடத்தை விட்டு நகராதவர் மெடல் அணிந்ததற்கும் காரணம் ராசாங்கத்தின் மனைவி ஆண்டாயி.

ராசாங்கம் 1959-இல் பட்டாளத்தில் சேர்ந்தார். முதல் லீவில் வந்த அன்றே, அவர் தெருக்காரர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போகிற மேலத்தெரு வழியாக, பூட்ஸ் காலோடு டக் டக்கென்று நடந்தார். யாரும் வாய் திறக்கவில்லை. திறக்க நினைத்தவர்களும், அது சர்க்கார் பூட்ஸ் என்று தங்களைச் சமாதானம் செய்துகொண்டார்கள். அந்த நடையைப் பார்த்துத்தான் ஆண்டாயியின் அப்பா பெண் கொடுத்தார். கல்யாணத்துக்குப் பிறகு அந்த நடையை ஆண்டாயி வருடத்துக்கு ஒரு மாதம் பார்த்தாள்.

1971 டிசம்பரில் கிழக்கே சண்டை என்று டீக்கடை ரேடியோ அலறியது. ராசாங்கம் இருந்தது பாலம் போடுகிற படைப்பிரிவு. “பாலம் போடுறவங்களுக்கு என்ன பயம்?” என்று ஊர் ஆறுதல் சொன்னது. எங்கெங்கே பாலங்கள் மேல் குண்டு விழுந்தது என்று ரேடியோ பட்டியல் வாசித்தது. ஆண்டாயி வீரனாரிடம் ஓடினாள். மற்றவர்கள் கிடா வெட்டுவதாக வேண்டிக்கொள்வார்கள். அவளிடம் கிடா இல்லை. ராசாங்கம் ஒருமுறை கடிதத்தோடு அனுப்பிய சுபேதார் ஒருவரின் போட்டோ நினைவுக்கு வந்தது. மார்பெல்லாம் மெடல்.

“அந்த மனுசன் முழுசா வூடு வந்து சேரட்டும். அவரு நெஞ்சுல சர்க்காரு குத்துற மெடலெல்லாம் ஒனக்குத்தான்!” என்று உரக்கவே சொன்னாள். பூசாரி மாயவன் சாட்சி.

மனிதர் முழுசாகவே வந்தார். 1974-இல் ஓய்வு பெற்று, அரியலூரில் ஒரு மில்லில் வாட்ச்மேன் ஆனார். வாரத்துக்கு ஒருநாள் வீடு. மெடல்களுக்கு அவ்வளவு அவசரம் இல்லை. அடுத்த வருடம் ரிஜிஸ்டர் தபாலில் வந்தன. ஆண்டாயி கைநாட்டு வைத்து வாங்கினாள், பொட்டலத்தைப் பிரித்தாள், மூன்றையும் சிவப்புக் கயிற்றில் கோத்து நேராக வீரனார் கழுத்தில் கட்டிவிட்டு வந்தாள். சனிக்கிழமை வந்த ராசாங்கம் கோயிலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு அவருக்கு” என்றார். பிறகு பத்து வருடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஆண்டாயி கவனிக்காமல் இல்லை. சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூடத்தில் கொடிக்கு சல்யூட் அடித்துவிட்டு இறங்குகிற அவர் கை, இடது மார்புப் பக்கம் ஒருதரம் போகும். தடவிப் பார்த்துவிட்டு, தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டதுபோலத் திரும்பிவிடும்.

1985 நவம்பரில் ஒரு கடிதம் வந்தது. பெரம்பலூரில் கொடிநாள் விழா, முன்னாள் ராணுவத்தினரையும் குடும்பத்தாரையும் மேடையேற்றிக் கௌரவிக்கிறார்கள், மெடல்களை அணிந்து மனைவியுடன் வரவும். ராசாங்கம் படித்துக் காட்டிவிட்டு மடித்து வைத்தார்.

“நான் போவல.”

“ஏன்?”

“வெறும் நெஞ்சோட போயி நிக்கவா?”

பத்து வருடத்தில் முதல் தடவையாக வந்த சொல். ஆண்டாயி அப்போதே கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள்.

“என்ன ஆண்டாயி, குடுத்தத கேக்க வந்துட்டியா?” என்றார் மாயவன்.

“ஒரே ஒரு நாளைக்கு மாமா. காலைல வாங்கிட்டுப் போயி சாயங்காலம் கட்டிடறேன்.”

“சாமி என்ன வாடகை சைக்கிள் கடையா வச்சிருக்கு?”

தெருவே கூடிவிட்டது. கொடுக்கலாம் என்று ஒரு கட்சி, கண் அவிந்துபோகும் என்று ஒரு கட்சி. கடைசியில் பூப் போட்டுக் கேட்பதாக முடிவு. வெள்ளைப் பூ ஒரு இலையில், சிவப்புப் பூ ஒரு இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை என்றால் சம்மதம். மாயவன், “மெடலைத் திருப்பித் தர்றியா?” என்று கேட்டு எடுத்தார். சிவப்பு. இன்னொரு தரம் எடுத்தார். அதுவும் சிவப்பு.

ஆண்டாயிக்குச் சாமி மேலேயே கோபம் வந்தது. அப்புறம் பூசாரி மேல் வந்தது.

“கேட்டதே தப்பு மாமா. திருப்பித் தர்றியான்னு கேட்டா எவன் தருவான்? வர்றியான்னு கேளுங்க.”

“எங்க வர?”

“பெரம்பலூருக்கு! பத்து வருசமா மெடலப் போட்டுக்கிட்டு நிக்கிறாரு. விழாவுக்கு அவரையும் கூப்புடறதுதானே மொற?”

மாயவன் கேட்டார். வெள்ளை! குலவைச் சத்தம் பனைமரத்துக் காக்கைகளைக் கலைத்தது. வீரனார் இதுவரை பெரம்பலூரைப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

மண்குதிரை பஸ் ஏறாது. ஆகவே சாமிக்குப் பதில் சாமியின் அரிவாள் புறப்பட்டது. மாயவன் மெடல்களை அவிழ்த்து அரிவாள் பிடியில் கட்டிக்கொண்டார். ஆண்டாயிக்கு அப்போதுதான் கணக்கு இடித்தது. சாமி வருகிறது, மெடலும் சாமியோடு வருகிறது. மனிதரின் நெஞ்சு மட்டும் இருந்தபடியே இருக்கிறது. போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ராசாங்கத்துக்குச் சட்டையையும் பழைய பூட்ஸையும் மாட்டி இழுத்து வந்துவிட்டாள்.

கொடிநாளன்று காலை, பறை இரண்டு, ஆட்கள் இருபது, அரிவாள் ஒன்று. கண்டக்டர் படியை மறித்தார்.

“அருவாள உள்ள ஏத்தக் கூடாதுங்க.”

“அருவா இல்ல தம்பி, சாமி.”

“சாமின்னா ஸ்டாண்டிங்ல வரட்டும். சீட்டு இல்ல.”

விழாப் பந்தல் வாசலில் நின்ற போலீஸ்காரர் அரிவாளைப் பிடுங்கக் கை நீட்டினார். பிடியில் ஆடிய மெடல்களைப் பார்த்ததும் நீட்டிய கை பாதி சல்யூட்டாக மாறிவிட்டது.

மேடையில் ஒரு கர்னல், வடக்கத்திக்காரர். ராசாங்கத்தின் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆண்டாயியும் ஏறினாள். கர்னல் அவர் மார்பைப் பார்த்து ஏதோ கேட்டார். ராசாங்கம் குதிகாலைச் சேர்த்து நின்று ஹிந்தியில் பதில் சொல்ல ஆரம்பித்தார். வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிற மனுஷன் ஐந்து நிமிஷம் மூச்சுவிடாமல் பேசினார். ஆண்டாயிக்குப் புரிந்தவை இரண்டே சொற்கள்: வீரனார், ஆண்டாயி.

கர்னல் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மேடையை விட்டு இறங்கினார், நேராக மாயவன் முன்னால் போய், அரிவாளுக்கு ஒரு சல்யூட் வைத்தார். யாரும் சொல்லாமலே பறை முழங்கியது. பந்தல் எழுந்து நின்று கைதட்டியது. கர்னல் மெடல்களைக் காட்டி ஏதோ சொன்னார்.

“மெடலத் தரச் சொல்லுங்க, தன் கையால குத்துறேங்குறாரு” என்று ராசாங்கம் மொழிபெயர்த்தார்.

மாயவன் அரிவாளை மார்போடு அணைத்துக்கொண்டார். “வேண்டுதலுக்கு விட்டது. மனுசன் நெஞ்சுக்குத் திரும்பப் போனா தெய்வக் குத்தம்.”

கைதட்டல் நின்றது. ராசாங்கத்தின் கண் தரைக்குப் போனது. ஆண்டாயி மேடையின் ஓரத்துக்கு வந்தாள்.

“மாமா! நான் என்னான்னு வேண்டிக்கிட்டேன்? நீங்கதானே சாட்சி, சொல்லுங்க.”

“அவரு நெஞ்சுல சர்க்காரு குத்துற மெடலெல்லாம் ஒனக்குன்னு…”

“சர்க்காரு எங்க குத்துச்சு? தபால்லல்ல வந்துச்சு! குத்தவே இல்லாதத நான்தான் அவசரப்பட்டுக் கட்டிட்டேன். இன்னிக்கிக் குத்தட்டும். அதுக்கப்புறந்தான் அது சாமிக்குச் சேரும்.”

மாயவன் யோசித்தார்.

“அப்ப பத்து வருசமா சாமி அட்வான்ஸாவா போட்டுக்கிட்டிருந்துச்சு?”

“ஆமா.”

மாயவன் கயிற்றை அவிழ்த்து மெடல்களைக் கர்னல் கையில் வைத்தார்.

மழையிலும் எண்ணெயிலும் ரிப்பன்கள் எப்போதோ போயிருந்தன. குத்துவதற்கு ஊசி இல்லை. ஆண்டாயி தன் வளையலில் மாட்டியிருந்த ஊக்குகளில் மூன்றைக் கழற்றி நீட்டினாள். குங்குமம் அப்பிய மூன்று மெடல்களும் சர்க்கார் கையால், ஆண்டாயியின் ஊக்கால், ராசாங்கத்தின் நெஞ்சில் ஏறின. அவர் சல்யூட் அடித்தார். கை இறங்கியபோது இடது மார்புப் பக்கம் போனது. இந்தத் தடவை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் அவர் உட்காரவில்லை. சட்டை கசங்குமாம். ஊர் எல்லையில் இறங்கி, மேலத்தெரு வழியாகவே சுற்றிக்கொண்டு, டக் டக்கென்று கோயிலுக்கு நடந்தார்.

பொழுது சாய்வதற்குள் ஆண்டாயி ஊக்குகளை விடுவித்து, மெடல்களைப் புதுக் கயிற்றில் கோத்து, வேண்டுதலை முறைப்படி நிறைவேற்றினாள். ராசாங்கம் அண்ணாந்து பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு அவருக்கு.”

“ஒங்களுக்குந்தான் நல்லா இருந்துச்சு” என்றாள்.

அவர் பூட்ஸைக் கழற்றிவிட்டு, மண்குதிரையின் பீடத்தில் ஏறி, கயிற்றை அவிழ்த்து, முதல் மெடலையும் மூன்றாவதையும் இடம் மாற்றிக் கட்டினார்.

“வரிச தப்பு. பத்து வருசமா சொல்லணும்னு இருந்தேன்.”