தார் பூசிய முகம்

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் அசைவதாக இல்லை. பேருந்திலிருந்து இறங்கி டீ குடிக்கிறேன். எதிரே, ஆட்டத்துக்கு முன்பே அடித்து மாட்டிவிட்ட 'கால்பந்துக் கோப்பை வென்ற சிங்கங்கள்' ஃபிளெக்ஸ். பதினோரு சிங்கங்களில் ஒன்றின் முகத்தில் மட்டும் தார் பூசியிருக்கிறது.

"யாருங்க அது?" என்று பக்கத்தில் டீ குடிப்பவரைக் கேட்கிறேன். ஃபிளெக்ஸின் நடுவில் கூலிங்கிளாஸ் போட்டுச் சிரிக்கும் கேப்டன், இந்த டீ குடிப்பவர்தான்.

"கீப்பரு சார். அவனாலதான் தோத்தோம். அஞ்சு கோல் வுட்டுட்டான்."

"நீங்கள்லாம் எத்தனை போட்டீங்க?"

"ஒண்ணும் வுழல. அவனுங்க கீப்பரு செமையா புடிச்சிட்டான் சார்."

"அப்போ உங்க கீப்பரை டீம்லேர்ந்து தூக்கிட்டீங்களா?"

கேப்டன் பதறிப்போகிறார். "இன்னா சார், நீ வேற! அவன தூக்கிட்டு, அடுத்த மேட்ச் தோத்தா யார் மூஞ்சில தார் பூசறது?"